முப்பத்தொன்றாம் எண் வண்டி

வண்டியின் கூரைமேல் வைத்ததும் மீட்டரில் எண் வந்தது. சுபாஷிணிக்கு அது பிடிக்கவில்லை.

மீட்டரை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். நான்கு விரல் தள்ளி மறுபடி வைத்தாள். மறுபடியும் எண். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவி, வண்டியின் தகட்டுக்கு மேலே பெயின்ட் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று சொல்லும். அடியில் தகடு இருந்தால்தான் சொல்லும். இந்த வண்டிக்குக் கூரையில் தகடே கிடையாது, முழுக்கக் கார்பன் ஃபைபர் என்று விற்பனை விளம்பரத்தில் இருந்தது. கம்பெனியின் பழைய கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அப்படியானால் மீட்டர் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"என்னம்மா, பேட்டரி போயிடுத்தா?" என்று பின்னாலிருந்து கேட்டார் சந்திரசேகர்.

"இல்ல சார். தூசி."

தூசி என்பதை டெல்லியில் நவம்பர் மாதத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஜோர் பாக்கில் அந்த வீட்டின் போர்டிகோவுக்கு வெளியே காலை பத்து மணிக்கும் வெயில் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. உள்ளே வெள்ளை விளக்குகளின் கீழே, கறுப்பாக, இடுப்பு உயரம்கூட இல்லாமல் தரையோடு பதுங்கி நின்றது வண்டி.

பழைய வண்டி வாங்குகிறவர்களின் சார்பில் போய், வண்டியை அலசிப் பார்த்து அறிக்கை கொடுப்பது சுபாஷிணியின் தொழில். இந்த வண்டிக்காக அவளை அமர்த்தியவர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தொழிற்சாலை வைத்திருக்கும் நாச்சிமுத்து. விற்கிறவர் சந்திரசேகர். அறுபத்தேழு வயது, வரி வழக்குகளில் பெயர் பெற்ற சீனியர் வக்கீல். வெள்ளைச் சட்டையும் கம்பளி அரைக்கோட்டுமாக, இரண்டு மணி நேரமாக அவள் போகிற பக்கமெல்லாம் கூடவே நடந்துகொண்டிருந்தார்.

"ஐம்பதே ஐம்பதுதான் பண்ணினான், மொத்த உலகத்துக்கும். இது முப்பத்தொண்ணு. உள்ள தகட்டைப் பாத்தேளோ?"

பார்த்திருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளித் தகடு, அதில் 31/50 என்று செதுக்கியிருந்தது. கையேட்டுப் படத்தில் அதே தகட்டின் நான்கு மூலையிலும் ஆணி இருந்தது. இதில் ஆணி இல்லை. ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை மஞ்சளித்திருந்தது.

"ஏன் விக்கறேள்னு கேக்கலையே நீங்க? எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறா."

"சொல்லுங்க சார்."

"அடுத்த மார்ச்சோட இதுக்குப் பதினஞ்சு வயசு. அப்புறம் டெல்லில ஓட்டப்படாதுன்னு ஒரு ஆர்டர். ஓட்டலாம்னு இன்னொரு ஆர்டர். பெட்ரோல் போடமாட்டோம்ங்கறான், அடுத்த மாசம் போடறோம்ங்கறான். கோர்ட்லயே தலை நரைச்சவன் நான், எனக்கே புரியலை. ஒருநாள் எவனாவது கிரேன் போட்டு இதை இழுத்துண்டு போவான். அதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. வேற ஊர்ல நன்னா இருக்கட்டும்."

யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் மும்பையில் ஒரு டீலரிடம் என்றார். அந்த ஆள் பிறகு கடையை மூடிவிட்டுத் துபாய்ப் பக்கம் போய்விட்டானாம். காகிதங்கள் இருந்த நீலக் கோப்பை நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, பென்சிலில் பக்க எண். "டாக்குமென்ட்லயே ஜீவிச்சவன் நான். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

சுபாஷிணி முன்கண்ணாடியின் கீழே இருந்த சாசி எண்ணைப் படமெடுத்தாள். "இத்தாலியில ஃபாக்டரிக்கு இந்த நம்பரை அனுப்பிக் கேட்டுக்கறேன் சார். திங்கக்கிழமை பதில் வந்துரும்."

"எதுக்கு? ஃபைல்ல கம்பெனி சர்ட்டிபிகேட்தான் இருக்கே."

"எல்லா ஸ்பெஷல் வண்டிக்கும் கேக்கறதுதான்."

அந்த நேரத்தில் அவர் மனைவி விஜயலக்ஷ்மி காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். ஃபாக்டரி என்ற சொல் காதில் விழுந்ததும் தட்டு லேசாகச் சாய்ந்தது. டபராவில் காபி தளும்பியது. சுபாஷிணி கவனித்தாள். சந்திரசேகர் கவனிக்கவில்லை. அவர் வண்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஏதோ ஒரு துளியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை முழுக்க சுபாஷிணி ஓரிடத்தில் உட்காரவில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அதற்குள் அவள் நடந்த நடையைப் பார்த்து, மத்திய அரசில் புள்ளிவிவரம் பார்க்கும் அவள் கணவன் ஷங்கருக்கே தலை சுற்றியது.

"உக்காரேன். வண்டி டுப்ளிகேட்டுன்னா டுப்ளிகேட்டுன்னு எழுதிக் குடு. அவ்வளவுதானே?"

"எழுதறது கஷ்டம் இல்ல. அந்த சாருக்குத் தெரியவே தெரியாது, ஷங்கர். நிசமாவே நம்பிட்டு இருக்காரு."

"அது உன் பிரச்சினை இல்ல."

அப்படி அவளால் நினைக்க முடியவில்லை. முன்பு ஒரு பெரிய பழைய கார் கடையில் அவள் மாதச் சம்பளத்துக்கு இருந்தாள். அங்கே ஒருநாள், முன்புறம் நசுங்கி ஒட்டவைத்த வண்டி ஒன்றுக்கு 'விபத்து இல்லை' என்று மேனேஜர் சொன்னபடி கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம் கழித்து அதை வாங்கிய பெண் வந்தாள். சண்டை போடவில்லை. அறிக்கையை மேசைமேல் விரித்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் சுபாஷிணி அந்த வேலையை விட்டாள். அதிலிருந்துதான் இந்த நடை. மனசுக்குள் ஏதாவது நெருடினால் கால் நிற்காது.

மத்தியானம் போன் வந்தது. "நான் விஜயலக்ஷ்மி பேசறேன். ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு வந்திருக்கேன். உன் வீடு பக்கம்தானே? ஜல்தி வாயேன், அஞ்சு நிமிஷம்."

முருங்கைக்காயும் சேனையும் விற்கும் கடையோரம், மூக்கில் மாஸ்க்கோடு அவள் நின்றிருந்தாள். பையில் காய் எதுவும் இல்லை.

"நீ கண்டுபிடிச்சுட்டே, இல்லையா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

சுபாஷிணி தலையசைத்தாள்.

"எனக்கு நாலு வருஷமாத் தெரியும். பாம்பேலேர்ந்து சர்வீசுக்கு ஒரு மெக்கானிக் வந்தான். இவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவன் என்கிட்ட சொல்லிட்டான், 'ஆன்ட்டிஜி, இது அந்த வண்டி இல்லை, சாதா வண்டிக்கு வேஷம் போட்டிருக்கு'ன்னு. சார்கிட்ட சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"அந்த வருஷம்தான் அவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சா. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஃபரீதாபாத் ரோட்ல ஒரு சுத்து போயிட்டு வருவார். வந்து இட்லி சாப்பிட்டுண்டே முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு பேசுவார். அந்த மொகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நாள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியாமப் போச்சு." மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டாள். "நீ அந்தக் கோயம்புத்தூர்க்காரர்கிட்ட உள்ளதைச் சொல்லிக்கோ. அது உன் தொழில். இவர்கிட்ட மட்டும், அவருக்கு மனசு மாறிடுத்துன்னு சொல்லிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"அடுத்து வாங்க வர்றவங்களும் யாரையாவது அனுப்புவாங்களே ஆன்ட்டி. எத்தனை பேருக்கு மனசு மாறும்?"

விஜயலக்ஷ்மி மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டாள். "பையா, ஆதா கிலோ" என்று கடைக்காரரிடம் எதையோ காட்டிவிட்டு, அவர் எடை போடுவதற்குள் நகர்ந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை பிற்பகல் இத்தாலியிலிருந்து பதில் வந்தது. நான்கே வரி. நீங்கள் கேட்ட சாசி எண் சாதாரண மாடலுக்கு உரியது. முப்பத்தொன்றாம் எண் வண்டி வேறொரு நாட்டில், முதல் உரிமையாளரிடமே இருக்கிறது.

மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றபடியே சுபாஷிணி நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அதுவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"அப்படீங்களா? சரிங்க மேடம். வேற யாருக்காச்சும் தெரியுமுங்களா இது?"

"சாருக்கு இன்னும் தெரியாதுங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"அப்ப நல்லதாப் போச்சுங்க. நீங்க ரிப்போர்ட்டுல ஒரிஜினல்னே எழுதீருங்க. எஞ்சின்ல சத்தம், அடியில துரு, இப்படி ஏதாச்சும் நாலு குறை சேத்துக்கோங்க. அதைக் காட்டி வெலையக் குறைச்சுக்கறேன். பெரியவருக்கும் வண்டி போன மாதிரி ஆச்சு."

"நீங்க அதை டுப்ளிகேட்டுன்னு தெரிஞ்சே ஓட்டுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். "நான் எங்கீங்க ஓட்டறேன்? பெங்களூர்ல ஒருத்தர் இந்த வண்டிக்காகத் தவமாத் தவங் கெடக்கறாரு. உங்க ரிப்போர்ட்டையும் சேத்து அவருகிட்டத் தள்ளிவுட வேண்டீதுதான். உங்களுக்கும் நல்லா செஞ்சர்றனுங்க."

ஒரு கணம் சுபாஷிணிக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவது போலத் தோன்றியது. அந்த ஒரு கையெழுத்தில் சந்திரசேகர் தன் முப்பத்தொன்றோடு நிம்மதியாக இருப்பார். விஜயலக்ஷ்மிக்கு மூச்சு வரும். நாச்சிமுத்துவுக்கும் லாபம். பெங்களூரில் யாரோ ஒருவர் மட்டும், முகம் தெரியாத ஒருவர், நீலக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவார். என்றைக்கோ ஒருநாள் அவர் வாசலிலும் யாராவது ஒரு மீட்டரோடு வந்து நிற்பார்கள்.

"முடியாதுங்க" என்றாள். "நீங்க குடுத்த அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிடறேன்."

"அட, ஒண்ணும் எழுத வேண்டாமுங்க. சும்மா இருந்தீங்கன்னாப் போதும். நான் வேற ஆள வெச்சு எழுதிக்கறேன்."

அவள் போனை வைத்தாள். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது காதில் நின்றுகொண்டே இருந்தது. வேறு ஆளை வைத்து எழுதுவார். சும்மா இருந்தால் இது நடந்தே தீரும்.

மறுநாள் காலை அவள் ஜோர் பாக் போனாள். ஆட்டோவில் உட்கார்ந்து எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று ஏழெட்டு விதமாக யோசித்தாள். எதுவும் உதவவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் கேட்டுவிட்டார்.

"ஃபாக்டரி என்ன சொல்றான்?"

போனிலிருந்த மெயிலைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது முறை படித்துவிட்டு நிமிர்ந்தபோது குரல் வேறாக இருந்தது. கோர்ட்டில் சாட்சிக் கூண்டைப் பார்த்துப் பேசும் குரல்.

"நீங்க என்ன படிச்சிருக்கேள்?"

"ஆட்டோமொபைல் டிப்ளமோ சார்."

"இந்த மாடல் இதுக்கு முன்னாடி எத்தனை பாத்திருக்கேள்?"

"இதுதான் முதல்."

"அப்போ நீங்க எப்படிச் சொல்ல முடியும்? நம்பரை நீங்க தப்பாப் படிச்சிருக்கலாம். அவன் தப்பாத் தேடியிருக்கலாம். டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருக்கலாம்."

"இருக்கலாம் சார். அதனாலதான் இதையும் பாக்கச் சொல்றேன்." மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கார்பன் கூரை என்றால் ஏன் எண் வரக்கூடாது என்று விளக்கினாள். பின்னல் பின்னலாகத் தெரிவது மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் என்றும், அடியில் இருப்பது சாதாரண அலுமினியம் என்றும் சொன்னாள்.

அவர் தானே வைத்துப் பார்த்தார். கூரையின் நடுவில், ஓரத்தில், பின்கண்ணாடிக்கு மேலே. ஒவ்வொரு தடவையும் எண் வந்தது. மீட்டரைச் சுபாஷிணியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"விஜயா! டார்ச் எடுத்துண்டு வா. உள்ள அந்த நம்பர் தகட்டைப் பாக்கணும்."

விஜயலக்ஷ்மி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். நகரவில்லை. "வேண்டாம்னா. அதுல ஒண்ணும் இல்லை" என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஆச்சரியமே இல்லை. அவர் மெதுவாகத் திரும்பினார். ஆயிரம் சாட்சிகளைப் பார்த்தவருக்கு அது போதுமாக இருந்தது.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"நாலு வருஷமா."

வெளியே எங்கோ பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ஒருவன் கூவிக்கொண்டு போனான். சந்திரசேகர் வண்டியின் கதவைத் திறந்து, உள்ளே போகாமல், கதவடியில் இருந்த தாழ்ந்த விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார். முழங்கால் நெஞ்சு வரை வந்தது.

"நாலு வருஷம்" என்றார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் பேசிண்டே இருப்பேன். நீ கேட்டுண்டே இருந்தியே. மனசுக்குள்ள சிரிச்சியா, விஜயா?"

"ஐயோ" என்றாள் அவள்.

அவர் சுபாஷிணியைப் பார்க்காமலேயே, "நீங்க கெளம்புங்கோம்மா" என்றார்.

அடுத்த பத்து நாட்கள் மோசமாகப் போயின. நாச்சிமுத்து தன் நண்பர்கள் வட்டத்தில் என்ன சொன்னாரோ, ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வேலைகள் கையைவிட்டுப் போயின. அதைவிட, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்ற நினைப்புதான் அவளைத் தின்றது. போன் செய்ய எடுப்பாள், வைத்துவிடுவாள். நொய்டாவில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்த சோதனையையே மறுபடி செய்தாள். ஸ்டென்ட் வைத்த மனிதர் என்பது நடுநடுவே நினைவுக்கு வந்தது.

பதினோராம் நாள் அவள் போனில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. அதே கறுப்பு வண்டி, அதே போர்டிகோ. அடியில் எழுதியிருந்தது இது: 'ஐம்பதில் ஒன்று அல்ல. அந்த வேஷம் போட்ட சாதாரண மாடல். எட்டு வருஷம் நானே ஏமாந்திருந்தேன். 31/50 என்ற தகட்டை இனி யாரும் உபயோகிக்காமல் இருக்க, கழற்றி இத்தாலி ஃபாக்டரிக்கே அனுப்பிவிட்டேன். தாளையும் உரித்தாயிற்று. மற்றபடி நல்ல வண்டி.'

அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார். "சண்டிகர்லேர்ந்து ஒரு பல் டாக்டர் வாங்கிக்கறார். அடுத்த சனிக்கிழமை காலம்பற வரார். அவர் சார்புல பாக்க ஆள் வேணும்னார். உங்க பேரைச் சொன்னேன். வருவேளா?"

போனாள். குளிர் ஆரம்பித்திருந்தது. தாளை உரித்த கூரை வெற்றுப் பெயின்ட்டோடு இருந்தது. அங்கங்கே பசையின் தடம். சுபாஷிணி மூன்று மணி நேரம் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி எழுதினாள். சண்டிகர் டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. ஐம்பதில் ஒன்றா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் சந்திரசேகர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு சுத்து" என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "விஜயா, வா. ஏறு" என்றார்.

விஜயலக்ஷ்மி ஜன்னலோரமாக நின்றிருந்தவள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பதினெட்டு நாளில் அவர்கள் இருவரும் எவ்வளவு பேசினார்கள் என்று சுபாஷிணிக்குத் தெரியாது. அவளிடம் விஜயலக்ஷ்மி அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காபிகூட வேலைக்காரப் பெண்தான் கொண்டுவந்தாள்.

"அதுல ஏறினா எனக்கு எறங்க வராது. முழங்கால்" என்றாள் விஜயலக்ஷ்மி.

"நான் எறக்கி விடறேன். வா."

புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளை அழுத்தி, ஒருவழியாக உள்ளே சரிந்தாள். வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்னார். அரை மணி ஆயிற்று. டாக்டர் கேட்டுக்கும் போர்டிகோவுக்குமாக நடந்தார். எங்கே போய்விட்டார்கள் என்ற கவலையில், "கஹான் சலே கயே?" என்று இரண்டு தரம் கேட்டார். சுபாஷிணியும் அவர் பின்னாலேயே நடந்தாள். ஸ்டென்ட், முழங்கால், ரிங் ரோடு நெரிசல் எல்லாம் அவள் தலைக்குள் சுற்றின. போன் செய்தாள். வீட்டுக்குள்ளேயே சோபாமேல் சந்திரசேகரின் போன் அடித்தது.

ஐம்பது நிமிஷம் கழித்து அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டது. இரண்டு பக்கக் கண்ணாடியும் இறங்கியிருந்தன. விஜயலக்ஷ்மியின் நரைமுடி கலைந்து முகத்தில் கிடந்தது. அழுதிருந்தாள் என்று தெரிந்தது. அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உள்ளே பேச்சு ஓயவில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் அவள் அவரை விரலால் சுட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சுற்றி வந்து, இரண்டு கையும் கொடுத்து அவளைத் தூக்கி இறக்கினார். சாவியை டாக்டரிடம் நீட்டினார். "மன்னிக்கணும். இன்னும் பேசி முடிக்கலை. அதனால லேட்டாயிடுத்து" என்று தமிழிலேயே சொன்னார். பாவம், டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் "அச்சா, அச்சா" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

விஜயலக்ஷ்மி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்று, திரும்பாமலேயே, "சுபாஷிணி, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.